புனைபெயரில் கணக்கு தொடங்கலாமா? சட்டம் கூறுவது என்ன?

மும்பை: செடி வளர்ப்பு, சதுரங்கம், நாணயச் சேகரிப்பு என எந்தப் பொழுதுபோக்கு இணையக் குழுவில் சேர்ந்தாலும் முதலில் கேட்கப்படுவது பெயர்தான். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழர்களுக்கு இக்கேள்வி சற்றுச் சிக்கலானது. இனிஷியலுடன் பெயர் எழுதிப் பழகியவர்களிடம் இங்கு குடும்பப் பெயரும் எதிர்பார்க்கப்படுகிறது. முழுப் பெயரைக் கொண்டு மாநிலம், மதம், சில வேளைகளில் சாதிகூட ஊகிக்கப்படுவதால் புனைபெயரை நாடுவோர் உண்டு.

அந்த அச்சம் காரணமற்றதல்ல. பால் தாக்கரே மறைவையொட்டிய முழு அடைப்பு குறித்து 2012 நவம்பரில் முகநூலில் கருத்திட்ட பால்கர் இளம்பெண்ணும், அதற்கு விருப்பக்குறி இட்ட தோழியும் கைது செய்யப்பட்டனர். அவ்வழக்கில் பயன்படுத்தப்பட்ட 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது.

புனைபெயர் வைப்பது குற்றமல்ல. 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, பெரிய சமூக ஊடகங்கள் கணக்கைச் சரிபார்க்கும் வசதியை அளிக்க வேண்டும். அதை ஏற்பது பயனரின் விருப்பம். தென்கொரியா 2007இல் உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கியது. 2012இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமே அதை நீக்கியது. ஆனால், பிறர் பெயரில் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி பிரிவின்கீழ் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு.

மேலும், புனைபெயர் சக உறுப்பினர்களிடமிருந்து மட்டுமே அடையாளத்தை மறைக்கும். கணக்கை நீக்கிய பிறகும் பதிவு விவரங்களை நிறுவனம் 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும். உரிய அதிகாரம் பெற்ற விசாரணை அமைப்பு எழுத்துப்பூர்வமாகக் கோரினால், 72 மணி நேரத்துக்குள் தன்னிடமுள்ள விவரங்களை அளிக்க வேண்டும்.