எண் கேட்டால் கொடுக்கலாமா? ஃபிரீலான்ஸ் தளங்களில் தொடர்பு விவரமும் பணமும்



“டீச்சர், ஒருத்தரு மொழிபெயர்ப்பு வேலை தரேங்கிறாரு. புலனத்துல பேசலாம், நம்பர் கொடுங்கன்னு கேக்குறாரு. கொடுக்கலாமா?”

எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டுப் பல்கலைக்கழக இடத்துக்காகக் காத்திருந்த என் முன்னாள் மாணவி ஒருத்தி இப்படிக் கேட்டாள். நான் அப்போது தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பெரிதாக யோசிக்கவில்லை. “கொடும்மா, அதுல என்ன இருக்கு? பேசி முடிச்சிட்டா வேலை சீக்கிரம் நடக்கும்” என்றேன்.

நாற்பது பக்கம். பக்கத்துக்கு 15 ரிங்கிட் வீதம் 600 ரிங்கிட் என்று பேச்சு. “தளம் வழியா போனா கட்டணம் பிடிச்சுக்குவாங்க. வேலை முடிஞ்சதும் உங்க கணக்குல நானே பேங்க்-இன் பண்ணிடுறேன்” என்றாராம் அவர். கடைசிக் கோப்பை அனுப்பிய அன்று இரவோடு அந்த எண் அடங்கிவிட்டது. தளத்தில் புகார் செய்தாள். ஒப்பந்தமே போடப்படவில்லை, பேச்சும் வெளியே நடந்திருக்கிறது, எனவே பணத்தைப் பற்றி எதுவும் செய்ய இயலாது என்று பதில் வந்தது. அதோடு, தொடர்பு எண்ணைப் பகிர்ந்ததற்காக அவள் கணக்குக்கு ஓர் எச்சரிக்கையும் வந்தது.

ஏமாந்ததும் அவள், எச்சரிக்கை வாங்கியதும் அவள். வழி காட்டியது நான். அதனால்தான் இந்த விதிகளை உட்கார்ந்து முறையாகப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தளம் நடுவில் நின்று என்ன செய்கிறது?

அப்வொர்க், ஃபைவர், ஃபிரீலான்சர் போன்ற தளங்களில் வேலை கொடுப்பவரும் வேலை செய்பவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. “முதலில் பணம் கொடு” என்று ஒருவரும் “முதலில் வேலையைக் கொடு” என்று மற்றவரும் பிடிவாதம் பிடித்தால் எதுவும் நடக்காது. இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் ‘எஸ்க்ரோ’ எனும் இடைக்காப்பு முறை இருக்கிறது.

நம் நாட்டில் வீடு வாங்கும்போது சில வேளைகளில் பணத்தை வழக்கறிஞர் வைத்திருப்பதுண்டு, இல்லையா? விற்பவர் கைக்கும் போகாமல், வாங்குபவர் நினைத்தபோது திரும்ப எடுக்கவும் முடியாமல் அது நடுவில் இருக்கும். எஸ்க்ரோவும் அப்படித்தான். வேலை தொடங்கும் முன்பே வாடிக்கையாளர் பணத்தைச் செலுத்திவிடுவார். வேலை ஏற்கப்பட்ட பிறகு அது நமக்கு விடுவிக்கப்படும்.

அப்வொர்க்கில் நிலையான தொகைக்கு ஒப்புக்கொண்ட வேலையை நாம் சமர்ப்பித்ததும், வாடிக்கையாளருக்கு 14 நாள் அவகாசம் உண்டு. அவர் ஏற்கவும் இல்லை, திருத்தம் கேட்கவும் இல்லை என்றால் பணம் தானாகவே விடுவிக்கப்படும். ஃபைவரில் வேலையை ஒப்படைத்த 3 நாளில் பதில் வராவிட்டால் அது முடிந்ததாகக் கணக்கில் கொள்ளப்படும். வாடிக்கையாளர் சும்மா இருந்துவிட்டாலும் நம் உழைப்பு வீணாகாது. என் மாணவிக்கு இந்த வசதி இருந்தது. எண்ணைக் கொடுத்த நிமிடத்தில் அதை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

முதல் விதி: தொடர்பு விவரம்

தொலைபேசி எண், மின்னஞ்சல், புலனம், டெலிகிராம், முகநூல் கணக்கு, வீட்டு முகவரி எல்லாமே தொடர்பு விவரம்தான். இவற்றை எப்போது பகிரலாம் என்பதில் தளத்துக்குத் தளம் வேறுபாடு உண்டு.

அப்வொர்க்கில் ஒப்பந்தம் தொடங்கும் வரை பேச்சு முழுவதும் தளத்தின் உரையாடல் பெட்டிக்குள்ளேயே நடக்க வேண்டும். ஒப்பந்தம் தொடங்கிய பிறகு, வேலைக்குத் தேவையென்றால் வேறு வழியில் பேசிக்கொள்ளலாம். ஃபைவரில் அந்த வேலையைச் செய்து முடிக்கத் தேவைப்பட்டாலொழிய தொடர்பு விவரம் பரிமாறக் கூடாது.

ஒன்றைக் கவனியுங்கள். “அவர்தானே கேட்டார்” என்பது இங்கே செல்லாது. கேட்டவரும் விதியை மீறுகிறார், கொடுத்தவரும் மீறுகிறார்.

இரண்டாம் விதி: பணம்

தொடர்பு விதியாவது ஒப்பந்தத்துக்குப் பின் சற்றுத் தளரும். பண விதி தளராது. தளத்தில் அறிமுகமானவரிடமிருந்து தளத்துக்கு வெளியே பணம் பெறக் கூடாது. வங்கி மாற்றம், டூயிட்நவ், பேபால், ரொக்கம் எதுவாக இருந்தாலும் சரி.

அப்வொர்க்கில் இந்தக் கட்டுப்பாடு 2 ஆண்டுகளுக்கு நீடிக்கும். முதல் வேலை முடிந்து, அடுத்த ஆண்டு அதே வாடிக்கையாளர் நேரடியாக அழைத்தாலும் பணம் தளம் வழியாகத்தான் வர வேண்டும். அதற்கு முன்பே நேரடியாக வேலை செய்ய விரும்பினால், அதற்கென உள்ள கட்டணத்தைத் தளத்துக்குச் செலுத்திவிட்டு முறைப்படி வெளியேறலாம். வழி அடைக்கப்படவில்லை. திருட்டுத்தனமாகப் போகாதே என்றுதான் விதி சொல்கிறது. மீறினால் கணக்கு முடக்கப்படலாம். பல மாதம் பாடுபட்டுச் சேர்த்த நட்சத்திர மதிப்பீடுகளும் அதோடு போய்விடும்.

தளத்துக்கு இதில் லாபம் இல்லையா?

இருக்கிறது. அதை மாணவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. ஃபைவர் நம் வருமானத்தில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. அப்வொர்க்கில் முன்பு 10 விழுக்காடு. 2025 மே மாதம் முதல் புதிய ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 விழுக்காடு வரை மாறுபடுகிறது. பணம் வெளியே போனால் இந்தப் பங்கு தளத்துக்குக் கிடைக்காது. ஆகவே தளம் நம்மைக் காக்க மட்டும் இந்த விதியைப் போடவில்லை, தன் வயிற்றுப் பாட்டுக்கும்தான் போட்டிருக்கிறது.

இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 ரிங்கிட் வேலைக்கு 20 விழுக்காடு என்றால் 120 ரிங்கிட். அதைக் கொடுத்தால் 480 ரிங்கிட் உறுதியாகக் கைக்கு வரும். கொடுக்காமல் விட்டால் 600 வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். முன்பின் தெரியாத ஒருவரை நம்பி இந்தப் பந்தயத்தில் இறங்குவதா என்பதுதான் கேள்வி. தொடர்பு விதி, பண விதி என இரண்டாகச் சொன்னாலும் இரண்டும் ஒன்றுதான். பேச்சும் பணமும் தளத்துக்குள் இருக்கும் வரைதான் நம்மிடம் சான்று இருக்கும். சான்று இருக்கும் வரைதான் நமக்காகத் தளம் பேச முடியும்.

தெரியாமலே மீறும் இடங்கள்

வேண்டுமென்றே மீறுபவர்கள் குறைவு. பெரும்பாலும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறோம்:

1. தன்விவரக் குறிப்பு. பள்ளியில் நாமே “பெயர், முகவரி, தொலைபேசி எண் எழுதுங்கள்” என்று கற்றுக்கொடுக்கிறோம். அதே கோப்பை விண்ணப்பத்தோடு இணைத்தால் எண்ணும் கூடவே போய்விடும். தளத்துக்கென்று தொடர்பு விவரம் இல்லாத பிரதி ஒன்று வைத்திருங்கள்.

2. கூகுள் ஆவணம். கோப்பைப் பகிரும்போது உங்கள் பெயரும் மின்னஞ்சலும் அடுத்தவருக்குத் தெரியக்கூடும். ஒப்பந்தத்துக்கு முன் மாதிரி காட்ட வேண்டுமென்றால் பிடிஎஃப் ஆக மாற்றி இணைத்துவிடுங்கள்.

3. முந்தைய வேலை மாதிரி. நீங்கள் வடிவமைத்த டியூஷன் விளம்பரத்தில் உங்கள் எண்ணே இருக்கலாம். அதை அழித்துவிட்டுப் பதிவேற்றுங்கள்.

4. சுற்றி வளைத்துச் சொல்வது. எண்ணைச் சொற்களாக எழுதுவது, மின்னஞ்சலில் இடைவெளி விடுவது போன்றவை. இதைச் செய்தால் “தெரியாமல் செய்தேன்” என்று சொல்லவும் வாய்ப்பில்லை.

5. அடுத்தவர் கணக்கு. அப்வொர்க்கில் கணக்குத் திறக்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஃபைவரில் 13 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கணக்கு வழியாகத்தான் செயல்பட முடியும். அண்ணன் பெயரில், நண்பன் பெயரில் திறப்பதெல்லாம் பின்னாளில் தலைவலி.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவில் அரசு ஊழியராக இருப்பவர் வெளிவேலை செய்ய எழுத்துபூர்வ அனுமதி பெற வேண்டும். 1993ஆம் ஆண்டு பொதுச் சேவை ஊழியர் நடத்தை, கட்டொழுங்கு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. தளத்தின் விதியைப் படிக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண் கேட்டால் என்ன எழுதுவது?

மறுத்தால் வேலை போய்விடுமோ என்ற பயம் இயல்பானது. மரியாதையாக மறுக்கத் தெரிந்தால் பயம் குறையும். இதை அப்படியே பயன்படுத்தலாம்:

“தங்கள் பணியைச் செய்ய ஆர்வமாக உள்ளேன். தளத்தின் விதிப்படி ஒப்பந்தம் தொடங்கும் வரை இங்கேயே பேசிக்கொள்வோம். வேலையின் அளவையும் தொகையையும் குறிப்பிட்டு ஒப்பந்தம் அனுப்பினால் உடனே தொடங்குகிறேன்.”

உண்மையான வாடிக்கையாளர் இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ள மாட்டார். திரும்பத் திரும்ப வெளியே அழைப்பவரைத் தளத்தில் புகார் செய்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள்.

கீழ்க்காணும் மூன்றில் ஒன்றைக் கேட்டாலும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஒன்று, வேலை கொடுக்கப் ‘பதிவுக் கட்டணம்’ அல்லது வைப்புத்தொகை கேட்பது. இரண்டு, “தவறுதலாக அதிகப் பணம் போட்டுவிட்டேன், மீதியை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்” என்பது. மூன்று, உங்கள் வங்கிக் கணக்கையோ ஏடிஎம் அட்டையையோ ‘வாடகைக்கு’க் கேட்பது. இந்த மூன்றாவதைத்தான் நாம் ‘கழுதைக் கணக்கு’ என்கிறோம். 2024இல் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. “எனக்குத் தெரியாது, அவர் கேட்டார், கொடுத்தேன்” என்று சொல்லித் தப்புவது எளிதல்ல.

ஏமாந்துவிட்டால்?

முதலில் வெட்கப்படுவதை நிறுத்துங்கள். என் மாணவி இரண்டு வாரம் வீட்டில்கூடச் சொல்லவில்லை. அந்த இரண்டு வாரம் யாருக்கு உதவியது? உரையாடல்களைத் திரைப்படம் பிடித்து வையுங்கள், எதையும் அழிக்காதீர்கள். தளத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், உங்கள் தவறு உட்பட.

உங்கள் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் வங்கிக்கும் 997 எண்ணுக்கும் அழையுங்கள். மலேசியாவின் தேசிய மோசடித் தடுப்பு மையம் 2022 அக்டோபர் முதல் இந்த எண்ணில் செயல்படுகிறது. பிறகு போலீஸ் புகார் செய்யுங்கள். ஒரு வங்கிக் கணக்கு எண்ணோ தொலைபேசி எண்ணோ முன்பே புகாருக்கு உள்ளானதா என்று காவல் துறையின் ‘செமாக் மியூல்’ அகப்பக்கத்தில் சரிபார்க்கலாம். சிங்கப்பூரில் இருப்பவர்கள் சந்தேகம் வந்தவுடன் 1799 எனும் ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழைக்கலாம்.

வகுப்பறைக்கு

எஸ்.பி.எம். மாணவர்களுக்கு ‘இணையவழிப் பகுதிநேர வேலையின் நன்மையும் தீமையும்’ எனும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுக்கும்போது, பொதுவாக “ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள், கவனமாக இருக்க வேண்டும்” என்ற ஒரே வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். எப்படி ஏமாற்றுகிறார்கள், எந்த விதி எப்படிக் காக்கிறது என்று விளக்கினால்தான் கருத்து வலுப்பெறும். கலந்துரையாட மூன்று கேள்விகள்:

1. தன் லாபத்துக்காகப் போடப்படும் விதி, பிறருக்கும் நன்மை தர முடியுமா? சான்றுடன் விளக்குக.

2. ஒப்பந்தத்துக்குப் பின் தொடர்பு விவரத்தை அனுமதிக்கும் தளம், வெளிப்பணத்தை மட்டும் ஏன் அனுமதிப்பதில்லை?

3. எண் கேட்கும் வாடிக்கையாளருக்கு ஒரு மறுப்புக் கடிதம் எழுதுக. மரியாதை குறையக் கூடாது, உறுதியும் குறையக் கூடாது.

மூன்றாவது பயிற்சியை என் படிவம் ஐந்து மாணவர்களிடம் கொடுத்தபோது, பாதிப் பேர் மன்னிப்புக் கேட்டுத் தொடங்கியிருந்தார்கள். “விதியைப் பின்பற்றுவதற்கு எதற்கு மன்னிப்பு?” என்று கேட்டேன். அன்றைய பாடத்தின் பெரும்பகுதி அந்தக் கேள்வியிலேயே போனது.

அந்த 600 ரிங்கிட் இன்றுவரை வரவில்லை. ஆனால் அவள் இன்னும் அதே தளத்தில்தான் வேலை செய்கிறாள். சென்ற மாதம் ஒரு செய்தி அனுப்பினாள்: “டீச்சர், இன்னொருத்தரு நம்பர் கேட்டாரு. ஒப்பந்தம் அனுப்புங்கன்னு சொன்னேன். அனுப்பிட்டாரு.”

உங்கள் மாணவர் யாரேனும் இதே கேள்வியோடு வந்தால், கையிலிருக்கும் சிவப்புப் பேனாவை ஐந்து நிமிடம் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.