கண்மாய்க் கரை ஏறும் டிராக்டர்

பங்குனி, சித்திரை மாதங்களில் பொன்னமராவதிச் சுற்றுவட்டாரத்துக் கண்மாய்கள் வற்றிக் கிடக்கும்போது, வயலுக்கு வண்டல் மண் எடுக்கும் வேலை தொடங்கும். முன்பு மாட்டு வண்டிகள் செய்த இந்த வேலையை இன்று இரண்டு இயந்திரங்கள் பகிர்ந்துகொள்கின்றன. மண்ணை அள்ளிப் போடுவது, ‘ஜேசிபி’ என்றே நம் ஊர்களில் பெயர் பெற்றுவிட்ட மஞ்சள் நிற இயந்திரம். அதைச் சுமந்துகொண்டு கரையேறுவது டிராக்டரும் அதன் பின்னால் பூட்டிய டிரெய்லரும்.

வண்டிகள் கரையேறும் இடத்தைச் சற்று எட்ட நின்று கவனியுங்கள். ஒரு டிராக்டர் ஒரே சீரான ஓசையோடு, அவசரமின்றி மேலே போய்விடும். அதே அளவு சுமையோடு வரும் இன்னொன்று பாதி வழியில் திணறும், கரும்புகை கக்கும், ஏதோ கருகும் வாடையும் வரும். இரண்டும் ஒரே குதிரைத் திறன் கொண்டவையாகவே இருக்கலாம். எந்தக் கியரில் ஏறத் தொடங்கினார்கள் என்பதே வேறுபாடு. இதை ஒரு சிறு கணக்கின் மூலம் தெரிந்துகொள்ளலாம்.

டிராக்டரின் எடை 2 டன். மண்ணோடு சேர்ந்து டிரெய்லரின் எடை 4 டன். ஆக 6 டன் என்று வைத்துக்கொள்வோம். பாதை 10 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயர்கிறது. சாய்தளத்தைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தச் சரிவில் 6 டன் சுமையை ஏற்ற, அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 600 கிலோ எடைக்குச் சமமான விசை தேவை. பொலபொலவென்ற மண்ணில் சக்கரங்கள் புதைந்து உருள்வதற்கு இன்னும் ஒரு 400 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,000 கிலோ. ஏறத்தாழ 10,000 நியூட்டன்.

இந்த விசை பின் சக்கரத்தின் விளிம்பில் கிடைக்கவேண்டும். பின் சக்கரத்தின் ஆரம் 0.6 மீட்டர் என்றால், அதன் அச்சில் தேவைப்படும் முறுக்குவிசை 10,000 × 0.6 = 6,000 நியூட்டன் மீட்டர். என்ஜின் எவ்வளவு தருகிறது? நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும் 34 குதிரைத் திறன் என்ஜின் ஏறக்குறைய 120 நியூட்டன் மீட்டர்தான் தரும். ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 12 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைப்பது இவ்வளவே! தேவையோ இதைப் போல் 50 மடங்கு.

இந்தப் பள்ளத்தை நிரப்புவதுதான் பற்சக்கரங்களின் வேலை. சிறிய பற்சக்கரம் பெரியதைச் சுழற்றும்போது வேகம் குறைகிறது. குறைந்த அதே விகிதத்தில் முறுக்குவிசை கூடுகிறது. உங்கள் சைக்கிளில் இதற்கு நேர்மாறான ஏற்பாடு இருக்கிறது. பெடல் பக்கத்துச் சக்கரத்தில் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் இருந்தால், ஒரு மிதிக்குப் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். வேகம் கூடுகிறது, விசை குறைகிறது. மேடு வந்தால் இறங்கித் தள்ளுகிறோமே, அதன் காரணம் இதுதான்.

டிராக்டரின் கியர்ப் பெட்டியிலும் பின் அச்சிலும் உள்ள பற்சக்கரங்களின் உராய்வில் பத்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கொண்டால், 50 மடங்கு போதாது. 55 மடங்கு வேண்டும். அந்த விகிதத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 36 சுற்று சுற்றும். வண்டி மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும். விகிதம் 18 ஆக உள்ள உயர்ந்த கியரில் இதே என்ஜின் தரக்கூடிய இழுவிசை 3,240 நியூட்டன்தான். தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் ஏறாது.

ஏறாதபோது ஓட்டுநர் என்ன செய்கிறார்? கிளட்சைப் பாதி மிதித்து வைத்துக்கொண்டு, என்ஜினை உறுமவிடுகிறார். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். வழுக்கும் கிளட்ச் முறுக்குவிசையைச் சிறிதும் கூட்டாது. வேகத்தை மட்டும் வீணாக்கும். என்ஜின் 2,000 சுற்று சுற்ற, கியர்ப் பெட்டிக்குள் செல்லும் தண்டு 1,000 சுற்றே சுற்றினால், என்ஜினின் 25 கிலோவாட் திறனில் பாதி கிளட்ச் தட்டில் வெப்பமாகிறது. 12 இஸ்திரிப் பெட்டிகளின் சூடு ஒரு சாப்பாட்டுத் தட்டளவு பரப்பில்! அந்தத் தட்டு பெரும்பாலும் எண்ணெய் படாமல் உலர்ந்தே இருப்பது. அடைத்த கூட்டுக்குள் இருப்பது. கருகிய வாடை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

சரியான கியரில் ஏறினாலும் வெப்பம் இல்லாமல் போகாது. பற்களின் உராய்வில் வீணாகும் இரண்டரைக் கிலோவாட்டும் வெப்பமே. ஆனால் அது பெட்டியில் உள்ள எண்ணெயில் பரவி, கனத்த இரும்பு உடலின் வழியே காற்றில் கலந்துவிடுகிறது. அந்த உடலே குளிர்விப்பானாகிவிடுவதால் தனியே ஒன்று தேவைப்படுவதில்லை.

ஜேசிபியின் கதை வேறு. அது மண்மேட்டில் வாளியைக் குத்தி முட்டும்போது சக்கரங்கள் நின்றேவிடுகின்றன. என்ஜின் மட்டும் நிற்பதில்லை. இடையில் கிளட்சுக்குப் பதிலாக ‘டார்க் கன்வர்ட்டர்’ என்னும் சாதனம் இருக்கிறது. ஓடும் மின்விசிறிக்கு எதிரே, ஓடாத மற்றொரு மின்விசிறியை வைத்தால், காற்றுப் பட்டு அதுவும் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெயை எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள நிலையான இதழ்கள், திரும்பி வரும் எண்ணெயைத் திசைமாற்றி மீண்டும் உந்தச் செய்கின்றன. அதனால், கிளட்ச் செய்ய முடியாததை இது செய்கிறது. சக்கரம் நின்றிருக்கும்போது முறுக்குவிசையை இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருக்கித் தருகிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் கப்பல்களுக்காகக் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது.

ஆனால் இதற்கு விலை உண்டு. சக்கரம் நின்றிருக்கையில் வேலை ஏதும் நடப்பதில்லை. எனவே என்ஜின் தரும் ஆற்றல் முழுவதும் எண்ணெயைக் கலக்கிச் சூடாக்குவதிலேயே போகிறது. 10 லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ எட்டரைக் கிலோ. அதை 1 டிகிரி சூடாக்க 17 கிலோஜூல் போதும். 25 கிலோவாட் அதில் இறங்கினால், சுற்றியுள்ள உலோகம் உறிஞ்சுவதை விட்டுவிட்டால், விநாடிக்கு ஒன்றரை டிகிரி, ஒரு நிமிடத்தில் 90 டிகிரி ஏறிவிடும்! சூடேறிய எண்ணெய் நீர்த்துப்போகும், கறுக்கும். ரப்பர் அடைப்புகள் விறைத்து எண்ணெய் கசியும். ஆகவே எண்ணெயைக் குழாய் வழியே வெளியே கொண்டுவந்து, மெல்லிய தகடுகள் செருகிய குளிர்விப்பான் ஒன்றில் ஓடவிட்டு, மின்விசிறியின் காற்றில் ஆற்றித் திருப்பி அனுப்புகிறார்கள். கண்மாய்ப் புழுதி அந்தத் தகடுகளின் இடுக்குகளை அடைத்துக்கொண்டால் குளிர்விப்பான் இருந்தும் பயனில்லை. மாலையில் காற்றடித்து அதைச் சுத்தம் செய்வது வெறும் அழகுக்காக அன்று.

அமெரிக்காவில் படகுகளையும் வீட்டு வண்டிகளையும் இழுத்துச் செல்லும் பிக்கப் வண்டிகளிலும், தானியங்கிக் கியர்ப் பெட்டியோடு இதே சாதனம் உண்டு. சுமையோடு மேடேறும்போது உயர்ந்த கியரிலேயே விட்டுவைத்தால், இரு விசிறிகளுக்கும் இடையே வேக வேறுபாடு கூடி எண்ணெய் கொதிக்கும். ஒரு கியர் கீழே இறக்கினால் வேறுபாடு குறைகிறது. என்ஜின் வேகமாகச் சுழல்வதால் விசிறியும் நீர்ப்பம்பும்கூட வேகமெடுக்கின்றன. இரைச்சல் கூடும், ஆனால் சூடு குறையும்!

அப்படியானால் மிகத் தாழ்ந்த கியரே எப்போதும் நல்லதா? 150 மடங்கு விகிதத்தில் நம் டிராக்டர் 27,000 நியூட்டன் விசை தரும். அவ்வளவையும் தாங்கும் பிடிமானம் மண்ணுக்கு இல்லை, சக்கரம் வழுக்கும். வழுக்க இடமின்றிப் பின் சக்கரம் குழியில் சிக்கிக்கொண்டாலோ ஆபத்து. சக்கரம் சுழல முடியாதபோது டிராக்டரின் உடலே அச்சைச் சுற்றித் திரும்பப் பார்க்கும். முன் சக்கரங்கள் தரையைவிட்டு எழும். ஓரிரு விநாடியில் வண்டி பின்புறமாகக் கவிழ்ந்துவிடும். குதிக்க நேரம் இருக்காது. இழுக்கும் சங்கிலியை அச்சுக்கு மேலே எங்கேனும் கட்டுவது இந்த ஆபத்தைப் பல மடங்காக்கும். அதற்கென உள்ள கீழ்க் கொக்கியில்தான் மாட்டவேண்டும்.

கரையின் மறுபக்கம் வயலுக்கு இறங்க வேண்டுமே, அங்கே கணக்குத் தலைகீழாகிறது. இறுகிய பாதையில் அதே 6 டன், 500 கிலோ விசையோடு வண்டியைக் கீழே தள்ளும். பல டிரெய்லர்களுக்குப் பிரேக்கே கிடையாது. டிராக்டரின் பிரேக்தான் இரண்டுக்கும். தாழ்ந்த கியரில் இறங்கினால் சக்கரமே என்ஜினைச் சுழற்றவேண்டியிருக்கும். உராய்வும், காற்றை உறிஞ்சி அழுத்தித் தள்ளும் வேலையும் வண்டியை இழுத்துப் பிடிக்கும். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையில் லாரிகள் இறங்குவதும் இந்த முறையில்தான். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டாலோ, நடுவில் கிளட்சை மிதித்தாலோ இந்தப் பிடி முழுவதும் போய்விடும். சரிவில் வேகமெடுத்த பின் தாழ்ந்த கியரைப் போட முயன்றால் பற்கள் கரகரவென்று உரசுமே தவிர, விழாது. கியரைக் கரையின் உச்சியிலேயே, இறங்கத் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும்.