நர்ஸம்மா வந்தாங்களா?

பர்கூர் சிப்காட்டுக்கும் கிரானைட் குவாரிக்கும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அக்கம்பக்கத்தார் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: "நர்ஸம்மா வந்து பார்த்தாங்களா?"

மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்பது தேசியத் திட்டம். இதற்கு வித்திட்டது மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி. 1990-களில் மருத்துவத் தம்பதி அபய் பங், ராணி பங் 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். குழந்தையின் மூச்சை எண்ணவும், கிருமித் தொற்றைக் கண்டறிந்து வீட்டிலேயே மருந்து கொடுக்கவும் அவர்கள் கற்றார்கள். பச்சிளம் குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்ததாக 1999-இல் 'லான்செட்' இதழில் ஆய்வு வெளியானது. எழுத்தறிவு குறைந்த, சாலை வசதியில்லாத ஊர்களில் நடந்தது இது. நெடுஞ்சாலை ஓரத்திலிருக்கும் பர்கூரில் ஒரு வீடுகூட விட்டுப்போகக் கூடாது.

ஆபத்து தாமதத்தில்தான் இருக்கிறது. பால் குடிக்க மறுப்பது, உடல் சில்லிடுவது அல்லது காய்வது, வலிப்பு, நெஞ்சு உள்வாங்குவது, உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள் பரவுவது ஆகியவை அபாய அறிகுறிகள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க எண்ணிப் பாருங்கள். மூச்சு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால், மாந்தம் என்று மந்திரிக்கவோ தொக்கம் எடுக்கவோ கொண்டுபோகாதீர்கள். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டும் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

செலவுக்குப் பயந்து தயங்குகிறவர்கள் நிறையப் பேர். ஒரு வயதுவரை நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, போக்குவரத்து எல்லாம் இலவசம். 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் தந்த உரிமை அது. யாரும் காட்டும் கருணை அல்ல. 2013 முதல் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். பிளவுபட்ட உதடு, வளைந்த பாதம், இதயக் கோளாறு போன்றவற்றைக் கண்டறிந்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு. வளைந்த பாதத்தைப் பிறந்த சில வாரங்களிலேயே காட்டினால், மாவுக்கட்டிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெரியவர்களுக்கு ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மாத்திரை வராவிட்டால் பெரியவர்கள் கேட்டுவிடுவார்கள். குழந்தைக்காகப் பெற்றவர்கள்தான் கேட்க வேண்டும்.

புதன்கிழமைத் தடுப்பூசிக்கு ரேஷன் கார்டு வேண்டியதில்லை. ஒடிசாவிலிருந்து வந்த குடும்பமானாலும் போட வேண்டும். செவிலியர் வந்த தேதியைத் தாய்-சேய் நல அட்டையில் எழுதி வாங்குங்கள். வராவிட்டாலோ, யாராவது காசு கேட்டாலோ 104-இல் புகார் சொல்லுங்கள். வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.