கெலுகோர் மேடையில் நமக்கும் இடம் உண்டு



சம்பளம், வீடு, மருந்துச் செலவு என்றே பேசிக்கொண்டிருக்கும் நாம் இன்று கொஞ்சம் படம், நாடகம் பற்றிப் பேசப் போகிறோம். "சங்கத்துக்காரருக்குக் கூத்துப் பேச்சு எதுக்கு?" என்று கேட்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டுக் கேட்கட்டும்.

செபராங் பிறையிலிருந்து பினாங்குப் பாலத்தில் ஏறினால், தீவில் இறங்குகிற இடம் கெலுகோர். 1985-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாலம்; பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளம். 2019 ஜனவரி முதல் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கட்டணமும் இல்லை. இறங்கிய கொஞ்ச தூரத்தில் மிண்டன். ஒரு காலத்தில் வெள்ளைக்கார பட்டாளம் குடியிருந்த முகாம். 1969-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், முதலில் கெலுகோரிலேயே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக் கட்டடத்தில் பாடம் நடத்தியது. 1971-இல் இந்த முகாமுக்குக் குடிவந்தது. அதுதான் இன்றைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்.

அறிவியல் என்று பெயர் வைத்தாலும் நாடகக் கலையையும் அங்கே பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். டேவான் புடாயா என்ற கலாச்சார மண்டபம் இருக்கிறது. பங்குங் சாசாரான் என்ற நாடக அரங்கு இருக்கிறது. மாணவர்கள் நாடகம் போடுகிறார்கள், கச்சேரி நடக்கிறது, படமும் காட்டுகிறார்கள்.

"அதெல்லாம் படிச்ச பிள்ளைங்க இடமப்பா! நாம போனா உள்ள விடுவானா?" என்று நம் ஆட்கள் வாசலை எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். இந்தக் கூச்சம்தான் நமக்கு முதல் எதிரி.

நாடகம் யார் வீட்டுச் சொத்து?

பினாங்கில் நாடகம் கப்பலேறி வந்த கதையைக் கேளுங்கள். 1870-களில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுவினர் வந்து இந்துஸ்தானியில் ஆடினார்கள். பாஷை புரியாவிட்டாலும் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். 1885-இல் மாமாக் புஷி என்பவர் அந்தச் சாமான்களை வைத்து மலாய் மொழியில் நாடகக் கம்பெனி தொடங்கினார். 'பங்சாவான்' பிறந்தது அப்படித்தான். 1933-இல் 'லைலா மஜ்னூன்' என்ற மலாய்ப் படத்தை எடுத்தவர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் என்ற இந்தியர். நடித்தவர்கள் பங்சாவான் மேடையிலிருந்து வந்தவர்கள். பினாங்கில் பிறந்த பி. ரம்லி 1950-இல் 'பக்தி' படத்தில் கதாநாயகன் ஆனார். அந்தப் படத்தை இயக்கியவர், சென்னையில் பிறந்து சிறு வயதிலேயே பினாங்குக்கு வந்த எல். கிருஷ்ணன்.

தமிழ்ப் படத்துக்கும் தாய் நாடகம்தான். அண்ணாவின் 'வேலைக்காரி' மேடையில் வெற்றி பெற்ற பிறகே 1949-இல் படமானது. 1952-இல் வந்த 'பராசக்தி'யும் முன்னே நாடகம். எம்.ஜி.ஆர். பிறந்தது இலங்கையில், தேயிலை மலைகளுக்கு நடுவே உள்ள நாவலப்பிட்டியில். அவரும் சரி, சிவாஜியும் சரி, சிறு வயதில் பாய்ஸ் கம்பெனியில் அடி வாங்கி, பசி பொறுத்து நடிப்புப் படித்தவர்கள். பட்டம் பெற்ற பிறகு மேடை ஏறியவர்கள் இல்லை.

நடிப்பவனைக் 'கூத்தாடி' என்று இளக்காரமாகப் பேசிய காலத்தில், 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபாவை ஆரம்பித்தார். வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆசைக்காக நடிப்பவர்களின் சபை அது. நம் தோட்டத்துக்காரர்கள் செய்ததும் அதேதானே? பகலெல்லாம் கித்தா மரம் சீவி, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, ராத்திரி பெட்ரோமாக்ஸ் விளக்கடியில் ஒத்திகை பார்த்தார்கள். திருவிழாவுக்கு 'அரிச்சந்திரா', 'பவளக்கொடி'. ஆண்களே சேலை கட்டிப் பெண் வேஷம் போடுவார்கள். வேட்டித் துணியே திரை.

வாய் திறக்கக் கற்றுக் கொடுத்த மேடை

நாமும் அப்படி ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். அங்கே ஓர் அண்ணன் சந்திரமதி வேஷம் கட்டுவார். அதனால் ஊரே அவரைச் 'சந்திரமதி' என்றுதான் கூப்பிடும். சிறுவர்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போவார்.

சம்பளக் கணக்கில் குறை வந்தபோது நிர்வாகம் பேச அழைத்தது. நம் பக்கம் பத்துப் பேர் போனோம். துரை ஆபீசில் குளிர்சாதனம், கண்ணாடி மேசை. ஒன்பது பேர் வாயும் கட்டிப்போயிற்று. அந்த அண்ணன்தான் எழுந்தார். கையைக் கட்டாமல், குரலை உயர்த்தாமல், எந்த நாள், எத்தனை கிலோ, எவ்வளவு வெள்ளி குறைந்தது என்று வரிசையாகச் சொன்னார். இடையில் குறுக்கே பேசியவரை முழுதாகப் பேசவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார். பிடித்த பணம் மறு மாதமே கைக்கு வந்தது.

வெளியே வந்ததும், "எப்படிண்ணே பயமில்லாம பேசினீங்க?" என்று கேட்டோம். "ஐந்நூறு பேருக்கு முன்னால மகனைப் பறிகொடுத்து அழுதவன் தம்பி நான். இவங்க நாலு பேருதானே!" என்றார்.

அதற்குப் பிறகு யாரும் அவரைக் கேலியாகக் கூப்பிடவில்லை.

நாடகம் ஞாபகசக்தி கொடுக்கும். மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை பேசப் பழக்கும். அடுத்தவன் பேசி முடிக்கும்வரை காத்திருக்கச் சொல்லும். ஒருவன் வசனத்தை மறந்தால் இன்னொருவன் தூக்கிவிட வேண்டும். ஒற்றுமை என்று நாங்கள் கூட்டத்துக்குக் கூட்டம் கத்துவதை ஒரே ஒத்திகையில் கற்றுக் கொடுத்துவிடும்.

நம் கதையை யார் சொல்வது?

எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டமாகிவிட்டன. லயத்தில் இருந்தவர்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள். திடலில் பாய் விரித்து ஒன்றாகப் படம் பார்த்த ஜனங்கள் இப்போது ஆளுக்கொரு கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு தனித்தனியாகப் பார்க்கிறார்கள். திடல் போனது, அதோடு சேர்ந்து சிரித்ததும் போனது.

ஆனால் நம் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. தீபக் குமரன் மேனன் 2005-இல் எடுத்த 'செம்மண் சாலை', 1960-களில் தோட்டத்தில் வாழ்ந்த குடும்பத்தின் கதை. பல்கலைக்கழகம் போக ஆசைப்படும் ஒரு பெண்ணின் கதை. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015-இல் வந்தது. தோட்டம் இழந்து கம்பத்துக்கு வந்த குடும்பம், குண்டர் கும்பல் பக்கம் இழுக்கப்படும் பையன் என்று நம் வீட்டுப் புண்ணையே காட்டிய படம். 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு கையில் அரிவாள், மறு கையில் பூ என்று வெளியூர் நாயகனுக்குப் பால் ஊற்றும் தம்பிகளே, இந்த இரண்டையும் பார்த்திருக்கிறீர்களா?

செய்யக்கூடிய காரியம்தான்

மாதம் ஒருமுறை ஐந்தாறு குடும்பம் சேர்ந்து கெலுகோருக்குப் புறப்படுங்கள். மண்டபத்தில் என்ன நிகழ்ச்சி, பொதுமக்களுக்கு அனுமதி உண்டா, சீட்டு உண்டா என்று முதலில் போன் போட்டு விசாரியுங்கள். மலாய் நாடகமாக இருந்தாலும் பாருங்கள். பார்சி நாடகம் பார்த்த பழைய பினாங்குக்காரனுக்குப் புரிந்தது நமக்குப் புரியாதா? நாடகம் முடிந்ததும் நடித்த பிள்ளைகளிடம் பேசுங்கள். "எங்க கோயில் மண்டபத்துக்கு வந்து எங்க பசங்களுக்கு ரெண்டு நாள் சொல்லிக் கொடுங்க" என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

வரும் திருவிழாவுக்கு வாடகை ஆட்டக்காரர்களைக் கூப்பிடும் பணத்தில் பாதியை ஒதுக்கி, நம் பிள்ளைகளே ஒரு நாடகம் போடட்டும். கதைக்குப் பஞ்சமா? பெரட்டுக்கு விடியற்காலை போன பாட்டி இன்னும் நம்மோடு இருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். இந்த மாதமே எழுதுங்கள். அவரோடு சேர்ந்து அந்தக் கதையும் போய்விட்டால் எந்தப் பல்கலைக்கழகத்திலும் தேடி எடுக்க முடியாது.

மேடையில் நின்று பேசிய பிள்ளை, நாளை எந்த ஆபீசிலும் தலை நிமிர்ந்து பேசும். நமக்கு வேண்டியது அதுதான் தோழர்களே!