பத்து ஆண்டு உத்தரவாதம், இரண்டு ஆண்டுப் பளபளப்பு: காரின் செராமிக் கோட்டிங் உண்மையில் எவ்வளவு காலம் நிற்கும்?

புதுக் கார் எடுக்கப் போகும் குடும்பத்திடம் காப்புறுதி, சாலை வரி, கண்ணாடி டின்டட் என்று பேசி முடித்த பிறகு, இப்போதெல்லாம் விற்பனையாளர் இன்னொன்றையும் கேட்கிறார்: செராமிக் கோட்டிங் போட வேண்டுமா? தீபாவளி நெருங்கினால் பழைய கார்களுக்கும் இதே அழைப்பு சலுகை விலையில் வருகிறது. பூச்சுக்கான கட்டணம் சில நூறு ரிங்கிட்டில் தொடங்கிச் சில ஆயிரம் ரிங்கிட் வரை போகிறது. உத்தரவாதம் மட்டும் 3 ஆண்டு, 5 ஆண்டு, 10 ஆண்டு என்று கூடிக்கொண்டே போகிறது.

2025-இல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு 1,800 ரிங்கிட் பூச்சு என்பது ஒரு மாத உழைப்புக்கும் அதிகம். அதனால், இந்தப் பூச்சு என்ன செய்யும், என்ன செய்யாது, எத்தனை காலம் நிற்கும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

சுருக்கமான பதில் இதுதான்: நல்ல பூச்சு, நல்ல கைவேலை, முறையான பராமரிப்பு மூன்றும் சேர்ந்தால் சில ஆண்டுகள் பலன் தரும். தினமும் ஓடி, இரவு பகலாக வெட்டவெளியில் நிற்கும் காருக்கு ஒன்று முதல் மூன்று ஆண்டு என்று எதிர்பார்ப்பதே நியாயம். பத்து ஆண்டு என்பது பெரும்பாலும் தாளில் இருக்கும் எண்.

பூச்சு எவ்வளவு தடிமன்?

காரின் உலோகத் தகட்டின் மேல் அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அதற்கும் மேல் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சு என்று அடுக்கடுக்காக இருக்கும். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் தடிமன். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காரின் நிறத்தை வெயிலிலிருந்து காப்பது இந்தக் கிளியர் கோட்தான். அதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்.

செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கன் சேர்மங்கள் கலந்த திரவம். கிளியர் கோட்டின் மேல் தடவியதும் கரைப்பான் ஆவியாகி, மீதி இறுகிக் கண்ணாடி போன்ற மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படலம் பெரும்பாலும் ஓரிரு மைக்ரான்தான். மனிதனின் தலைமுடி சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், இது எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும்.

மெழுகு வண்ணத்தின் மேல் வெறுமனே படிந்திருக்கும். சூட்டிலும் சோப்பிலும் சில வாரங்களில் கரைந்துவிடும். செராமிக் பூச்சு வேதியியல் முறையில் பிணைந்து நிற்பதால் மெழுகைவிட நெடுநாள் தாங்குகிறது. அந்த அளவில் விளம்பரம் சொல்வது உண்மைதான்.

‘9எச்’ என்றால் கீறல் விழாதா?

பல கடைகளில் 9எச் கடினம் என்று எழுதி வைத்திருப்பார்கள். வைரத்துக்கு அடுத்த கடினம் என்று அதைப் பலர் புரிந்துகொள்கிறார்கள். அது தவறு. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோல் வேறு. அதில்தான் வைரம் 10. பூச்சில் சொல்லப்படும் 9எச் என்பது பென்சில் சோதனை. வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களை மேற்பரப்பில் அழுத்தித் தள்ளி, எந்தப் பென்சில் கீறுகிறது என்று பார்ப்பார்கள். அந்த வரிசையில் மிகக் கடினமான பென்சில் 9எச்.

சாலை மணலில் உள்ள குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7. பென்சிலைத் தாங்கும் ஓரிரு மைக்ரான் படலம் அந்த மணலைத் தாங்காது. லாரி சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல்லையும், கடை வாசலில் உரசும் தள்ளுவண்டியையும் தடுக்காது. கல்லடியைத் தாங்க வேண்டுமானால் 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாதுகாப்புப் படலம் ஒட்ட வேண்டும். அது வேறு பொருள். அதன் விலையும் பல மடங்கு.

நம் ஊர் வெயில், மழை, செம்மண்

மலேசியாவில் ஆண்டு முழுவதும் வெயில். அதற்கு நடுவே திடீர் மழை. மழை நின்றதும் சுடும் வெயிலில் கார்க்கூரை மீதுள்ள நீர்த்துளிகள் காய்ந்து, நீரில் கரைந்திருந்த தாதுக்களும் தூசியும் வட்ட வட்டமாகத் தங்கிவிடுகின்றன. செராமிக் பூச்சில் நீர் முத்து முத்தாக நிற்பதால், துடைக்காமல் விட்ட காரில் இந்த நீர்க்கறை கூடுதலாகவே தெரியலாம். கோட்டிங் போட்ட காரைக் கழுவவே வேண்டாம் என்ற பேச்சு இதனால்தான் ஆபத்தானது.

மைனாவும் காகமும் விட்டுச்செல்லும் எச்சம் அடுத்த தொல்லை. பகலில் சூடேறி இளகும் கிளியர் கோட், மாலையில் குளிர்ந்து இறுகும்போது, மேலே காய்ந்து கெட்டியான எச்சத்தின் வடிவத்தை ஏற்றுக்கொள்கிறது. அதுவே பின்னர் போகாத தடமாக நிற்கிறது. பூச்சு இருந்தால் சற்று அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். எச்சத்தை அன்றைக்கே ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்துவிட வேண்டும்.

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் கார்களின் கதை வேறு. தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் ஒரு துடை துடைத்துவிட்டுப் புறப்படும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்தத் தூசியே உப்புத்தாள் போல வேலை செய்து பூச்சையும் கிளியர் கோட்டையும் தேய்க்கிறது. முதலில் நீரை அடித்து மண்ணை இறக்கிவிட்டுப் பிறகுதான் துணி படவேண்டும்.

கார் கழுவும் நிலையங்களிலும் கவனம் தேவை. அழுக்கை விரைவாக நீக்கச் சில இடங்களில் காரத்தன்மை மிகுந்த சோப்பைப் பயன்படுத்துகிறார்கள். அது பூச்சின் ஆயுளைக் குறைக்கும். காரமும் அமிலமும் இல்லாத நடுநிலை ஷாம்புவும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியும் போதும்.

எந்தப் பூச்சு எத்தனை காலம்?

மெழுகு சில வாரங்கள் முதல் இரண்டு மாதம் வரை நிற்கும். செராமிக் ஸ்ப்ரே என்று கடைகளில் விற்கும் புட்டிகள் சில மாதங்கள். பட்டறையில் போடும் பூச்சுகள் ஒன்று முதல் மூன்று ஆண்டு. கூரையுள்ள இடத்தில் நிற்கும், கவனமாகக் கழுவப்படும் கார்களில் அதற்கு மேலும் நிற்கலாம்.

பூச்சு ஒரே நாளில் மறைந்துவிடுவதும் இல்லை. வெயில் நேரடியாக விழும் கூரையிலும் முன்மூடியிலும் முதலில் தேயும். பக்கவாட்டுக் கதவுகளில் நெடுநாள் இருக்கும். நீர் உருண்டு ஓடவில்லை என்றாலே பூச்சு போய்விட்டது என்றும் முடிவு செய்ய முடியாது. தார், எண்ணெய்ப்பிசுக்கு, இரும்புத்தூள், நீர்க்கறை ஆகியவை மேலே படிந்து அடைத்துக்கொண்டாலும் அப்படித்தான் இருக்கும். முறையாகச் சுத்தம் செய்தால் சில நேரங்களில் பழைய தன்மை திரும்பும். சுத்தம் செய்த பிறகும் நீர் தகடாகப் பரவி நின்றால் பூச்சு தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வண்ணத் தடிமனை அளக்கும் கருவிகளின் பிழையே சில மைக்ரான் இருக்கும். ஓரிரு மைக்ரான் படலம் இருக்கிறதா, இல்லையா என்பதை வாடிக்கையாளர் அதைக் கொண்டு உறுதிப்படுத்த முடியாது. ஐந்து அடுக்கு போட்டோம் என்று சொன்னால் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

உத்தரவாதத் தாளைப் படியுங்கள்

நீண்டகால உத்தரவாதங்களில் பெரும்பாலும் நிபந்தனை உண்டு. ஆண்டுதோறும் அதே கடைக்குக் கட்டணம் செலுத்திப் பராமரிப்புக்கு வரவேண்டும், ஒருமுறை தவறினால் உத்தரவாதம் செல்லாது என்பது வழக்கமான ஒன்று. பறவை எச்சம், நீர்க்கறை, கீறல் ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை என்றும் எழுதியிருக்கலாம்.

எடுத்துக்காட்டாக, 1,800 ரிங்கிட் பூச்சு 5 ஆண்டு நின்றால் மாதம் 30 ரிங்கிட். இரண்டே ஆண்டு நின்றால் மாதம் 75 ரிங்கிட். ஐந்தாண்டு உத்தரவாதத்தைக் காப்பாற்ற ஆண்டுக்கு 200 ரிங்கிட் வீதம் நான்கு முறை பராமரிப்புக் கட்டணம் செலுத்தினால், மொத்தச் செலவு 2,600 ரிங்கிட் ஆகிவிடும்.

பராமரிப்பு என்ற பெயரில் ஒவ்வோர் ஆண்டும் இயந்திரத்தால் போலிஷ் போடுகிறார்களா என்றும் கேட்க வேண்டும். போலிஷ் செய்யும் ஒவ்வொரு முறையும் கிளியர் கோட் சிறிது தேய்கிறது. போன கிளியர் கோட் திரும்ப வராது. அது தீர்ந்தால் மறுபடி பெயின்ட் அடிப்பதுதான் வழி.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

பூச்சின் பெயர் என்ன, போடுவதற்கு முன் காரை எப்படித் தயார் செய்வார்கள், இறுகும் வரை எத்தனை நாள் கழுவக்கூடாது, உத்தரவாதம் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும். இலவசம் என்று சொன்னால், அதே காருக்குப் பூச்சு இல்லாமல் என்ன விலை என்றும் கேட்கலாம்.

வாய்மொழியாக ஒன்று சொல்லித் தாளில் வேறொன்று கொடுத்தால், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். பொருள் அல்லது சேவை பற்றித் தவறான தகவல் தருவதை அது தடை செய்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை 5 ரிங்கிட் கட்டணத்தில் பதிவு செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதால் ரசீது, விளம்பரப் படம், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவது அவசியம்.

கழுவுவது எளிதாக வேண்டும், பளபளப்பு கொஞ்ச நாள் நிற்க வேண்டும் என்று விரும்புபவருக்கு இந்தப் பூச்சு உதவும். கையைக் கடித்துக்கொண்டு போட வேண்டிய பொருள் அல்ல. வாரம் ஒருமுறை நிழலில் நிறுத்தி, நிறைய நீர் ஊற்றி, மென்மையான துணியால் கழுவித் துடைத்து, அவ்வப்போது மெழுகு பூசினாலே சாதாரணக் கார் பல ஆண்டு அழகாக இருக்கும். அந்தப் பழக்கம் இல்லாத வீட்டில் எந்தக் கோட்டிங்கும் நெடுநாள் நிற்காது.