மாயக்காரர் காஷின் கோஜி

கறுப்புத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு, கூரைக்குக் கூரை தாவுகிற நிஞ்சா வீரர்களைத் திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். போருட்டோ என்னும் ஜப்பானியப் படக்கதையைப் படித்த பிள்ளைகளுக்கு அதில் வரும் காஷின் கோஜி என்ற பெயரும் தெரிந்திருக்கும். அந்தப் பெயர் நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது. அதற்குரிய மாயக்காரரைப் பற்றியே இன்று பேசப் போகிறோம்.

ஜப்பான் என்றதும் 1942 முதல் 1945 வரை நம் தோட்டங்களில் நடந்தவை சிலருக்கு நினைவுக்கு வரலாம். நாம் இப்போது போவது அதற்கும் வெகுகாலம் முன்னே, பதினாறாம் நூற்றாண்டுக்கு. அப்போது ஜப்பானில் பேரரசர் இருந்தார். ஆனால் அதிகாரம் அவர் கையில் இல்லை. ஆங்காங்கே கோட்டை கட்டி ஆண்ட பிரபுக்கள் ஓயாமல் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரியின் கோட்டையில் எத்தனை பேர், எவ்வளவு அரிசி என்று அறிந்துவர அவர்களுக்கு ஒற்றர்கள் தேவைப்பட்டனர். ஈகா, கோகா என்னும் மலைப்பகுதி மக்கள் இத்தொழிலில் பேர் பெற்றவர்கள். இவர்களே பிற்காலத்தில் நிஞ்சா எனப்பட்டவர்கள். துறவி, வணிகர், கூத்தாடி என்று வேடமிட்டுப் போய்ச் செய்தி சேகரிப்பதே இவர்களின் முக்கிய வேலை. கறுப்பு உடையோடு பகலில் நடமாடினால் பிடிபட மாட்டார்களா?

காஷின் கோஜி இப்படிப்பட்ட ஒற்றர் என்று பழங்கதைகள் கூறவில்லை. கோஜி என்பது மடத்தில் சேராமல் பௌத்த நெறியில் வாழ்பவரைக் குறிக்கும் சொல். அவரை நிஞ்சாக்களோடு சேர்த்தவர்கள் இருபதாம் நூற்றாண்டு நாவலாசிரியர்கள். கதைகளில் அவரோடு வருகிற பிரபுக்களோ வரலாற்று மனிதர்கள்.

அவர்களில் ஒருவர் மட்சுனாகா ஹிசாஹிடே. ஈவிரக்கமற்றவர் என்று பேரெடுத்தவர். 1567இல் அவர் நடத்திய போரில்தான் நாரா நகரத்துப் பெரிய புத்தர் கோயில் எரிந்தது. ஓரிரவு அவர் காஷின் கோஜியிடம், "வாள்முனையிலும் நான் அஞ்சியதில்லை. உம்மால் என்னை அச்சுறுத்த முடியுமா?" என்று கேட்டாராம்.

காஷின் கோஜி ஆட்களை வெளியே அனுப்பச் சொன்னார். ஆயுதங்களை அகற்றச் சொன்னார். விளக்கை அணைக்கச் சொன்னார். பிறகு எழுந்து தாழ்வாரத்துப் பக்கம் போனார். நிலவு மங்கியது, தூறல் விழுந்தது. மெலிந்த பெண் ஒருத்தி தலைவிரி கோலமாகத் தள்ளாடி வந்து அருகில் அமர்ந்தாள். "இன்றிரவு தனியாக இருக்கிறீர்களே" என்றாள். இறந்துபோன அவர் மனைவி! "போதும், நிறுத்தும்!" என்று அலறினார் ஹிசாஹிடே. பார்த்தால் எதிரே இருந்தவர் காஷின் கோஜிதான். மழையும் இல்லை.

நேயர்களே, இதை நடந்த நிகழ்ச்சி என்று நாம் கொள்ள வேண்டியதில்லை. இருந்தாலும் அந்த மூன்று ஏற்பாடுகளைக் கவனியுங்கள். துணைக்கு ஆள் இல்லை, கையில் வாள் இல்லை, கண்ணுக்கு ஒளி இல்லை. அச்சத்தை எதிர்பார்த்தே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மீதியை அவர் மனமே செய்துவிடும். நம்மிடையே பேயோட்டுகிறேன் என்று இரவில் வந்து, வீட்டாரை வெளியேற்றிப் பணம் கேட்பவர்களும் இதே மாதிரிதான் தொடங்குகிறார்கள்.

இன்னொரு கதை ஓடா நொபுனாகாவைப் பற்றியது. காஷின் கோஜியிடம் நரகக் காட்சிகள் தீட்டிய அருமையான படம் ஒன்று இருந்தது. நொபுனாகா விரும்பினார். நூறு பொன் விலை சொன்னார் கிழவர். சேவகன் ஒருவன் அவரை வழிமறித்து வெட்டிப் படத்தைப் பறித்துவந்தான். விரித்தால் வெறுந்தாள்! வெட்டுண்டவரோ உயிரோடு திரிந்தார். பொன்னைக் கொடுத்த பிறகே ஓவியம் திரும்பியது. ஆனால் நிறம் மங்கியிருந்தது. காரணம் கேட்டதற்கு, "முன்பு பார்த்தது விலைமதிப்பற்றது; இது நீங்கள் கொடுத்த நூறு பொன்னுக்கு உரியது" என்றாராம். ஆளுகிறவரிடம் நேரில் சொல்ல முடியாததை மக்கள் இக்கிழவர் வாயில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. லஃப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளர் 1901இல் இதை ஆங்கிலத்தில் எழுதி உலகறியச் செய்தார்.

1582இல் நொபுனாகாவை அவருடைய தளபதி அகெச்சி மிட்சுஹிடே கியோத்தோவில் திடீரெனத் தாக்கினார். நொபுனாகா அங்கேயே மாண்டார். மிட்சுஹிடேயின் ஆட்சியும் இரண்டு வாரம் நிலைக்கவில்லை. அந்தச் சில நாட்களில் அவர் காஷின் கோஜியை அழைத்து விருந்து வைத்ததாகக் கதை சொல்கிறது. கூடத்தில் ஏரிக் காட்சி தீட்டிய மடக்குத் தட்டி ஒன்று இருந்தது. கிழவர் கையை அசைத்தார். படத்தின் தூரத்து மூலையில் இருந்த சிறு படகு அசைந்து நெருங்கிவந்தது. ஏரித் தண்ணீர் கூடத்தில் பெருகி முழங்கால்வரை ஏறியது. எல்லாரும் உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவர் படகில் ஏறினார். படகோட்டி துடுப்பை வலித்தான். படகு திரும்பிச் செல்லச் செல்லத் தண்ணீரும் வடிந்து படத்துக்குள் போயிற்று. தரையில் ஈரம்கூட இல்லை. படகு ஒரு புள்ளியாகி மறைந்தது. பிறகு ஜப்பானில் எவரும் அவரைப் பார்க்கவில்லையாம்.