மோட்டார் எஞ்சினும் ஊதுதுருத்தியும்

கொல்லனது உலைக்களத்தை நம்முள் பலர் கண்டிருப்பர். கரி அதுவே, உலையும் அதுவே. ஆயினும் துருத்தியை இயக்கிக் காற்றைச் செலுத்திய அளவில், மங்கிக் கிடந்த கங்குகள் வெண்ணிறமாய் ஒளிவிட்டு இரும்பையும் இளகச் செய்கின்றன. நெருப்பிற்கு எரிபொருள் மட்டும் போதாது, காற்றும் மிகுதியாக வேண்டும் என்னும் இவ்வுண்மையைக் கொல்லர் தொன்றுதொட்டு அறிவர். மோட்டார் வண்டியின் எஞ்சினும் ஒருவகை உலையே. அதற்கும் ஒரு துருத்தியைப் பூட்டினால் என்ன நேரும் என்பதையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

விலையுயர்ந்த வண்டியை வாங்கியவர்கள், அதன் எஞ்சினை இருந்தவாறே விட்டுவைக்க மனமின்றி, அதனைச் செய்த தொழிற்சாலைக்குப் புறம்பான வல்லுநரைக் கொண்டு அதன் ஆற்றலைக் கூட்டிக்கொள்ளும் வழக்கம் இன்று பல நாடுகளிலும் உண்டு. இவ்வழக்கம் புதியதன்று. அதன் நன்மை தீமைகளை நடுநிலையாய் ஆராய விரும்புவார்க்கு, இங்கிலாந்தில் 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் பென்ட்லி வண்டிக்கு நேர்ந்த வரலாற்றினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அதனைச் சொல்லுமுன், எஞ்சின் வேலை செய்யும் வகையைச் சிறிது விளக்குதல் இன்றியமையாதது.

எஞ்சினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழிறங்கும்போது வெளிக்காற்று பெட்ரோல் ஆவியுடன் கலந்து உள்ளே புகுகிறது. பிஸ்டன் மேலேறி அக்கலவையை நெருக்குகிறது. மின்பொறி அதனைக் கொளுத்துகிறது. எரிந்து விரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அடுத்த ஏற்றத்தில் புகை வெளியேறுகிறது. ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய அதன் எடையைப்போல் ஏறக்குறைய 15 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். பெட்ரோலை மிகுத்து ஊற்றுவது எளிது. காற்றை மிகுத்துப் புகுத்துவதே கடினம். ஏனெனில் இயல்பான எஞ்சின் தானே மூச்சு வாங்குவது. வெளியிலுள்ள வளிமண்டலத்தின் அமுக்கம் எவ்வளவு காற்றை உட்செலுத்துமோ அவ்வளவே அது பெறும். எனவே எஞ்சினின் ஆற்றலைப் பெருக்க முதன்மையான வழிகள் மூன்று: சிலிண்டர்களின் கொள்ளளவைப் பெருக்கலாம், எஞ்சினை விரைவாகச் சுழலச் செய்யலாம், அல்லது துருத்தி கொண்டு காற்றை வலிந்து திணிக்கலாம்.

இனி வரலாற்றிற்கு வருவோம். பென்ட்லி தொழிற்சாலையை 1919-இல் நிறுவியவர் டபிள்யூ. ஓ. பென்ட்லி என்பவர். அவர் இளமையில் டான்காஸ்டர் நகரத்து இரயில்வேத் தொழிற்சாலையில் பயின்றவர். நெடுந்தூரம் ஓடியும் நிலைகுலையாத இரயில் எஞ்சின்களோடு பழகியவராதலின், உறுதியே எஞ்சினுக்கு முதற் குணம் என்பது அவர் கொள்கை. அவர் அமைத்த நாலரை லிட்டர் வண்டியில் நான்கு சிலிண்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 100 மில்லிமீட்டர் விட்டமும், பிஸ்டன் ஓடும் தூரம் 140 மில்லிமீட்டரும் உடையது. மொத்தக் கொள்ளளவு 4,398 கன சென்டிமீட்டர். சாலையில் ஓட்டும் வண்டி 110 குதிரைச் சக்தியும், பந்தய வண்டி 130 குதிரைச் சக்தியும் தந்தன. பிரான்ஸ் தேசத்து லெமான் நகரில் நிகழும் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில் 1928-ஆம் ஆண்டு வென்றது இவ்வண்டியே.

இதனினும் ஆற்றல் மிகுந்த வண்டி வேண்டும் என்ற எண்ணம் இருவர்க்கு இருந்தது. ஆனால் இருவரும் கொண்ட வழி வேறு. பென்ட்லி கொள்ளளவைப் பெருக்கும் வழியை மேற்கொண்டார். அதே விட்டமும் அதே ஓட்டமும் உள்ள சிலிண்டர்கள் ஆறினை அமைத்து 6,597 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள எஞ்சினைச் செய்தார். இதன் விரைவு வகையே ‘ஸ்பீட் சிக்ஸ்’ எனப்பட்டது. பந்தயத்தில் அது 200 குதிரைச் சக்தி தந்தது. மற்றவர், பந்தய வீரராகிய ஸர் ஹென்றி பர்க்கின் என்பவர். பெரிய எஞ்சினால் வண்டி பெருத்துப் போகுமென்றும், சிறிய எஞ்சினுக்குத் துருத்தி பூட்டுவதே விரைவிற்கு வழியென்றும் அவர் கருதினார்.

பென்ட்லி இதற்கு இசையவில்லை. துருத்தி பூட்டுதல் எஞ்சினின் அமைப்பையே கெடுப்பதாகும் என்பது அவர் அபிப்பிராயம். எனினும் பர்க்கின் தளரவில்லை. குதிரைப் பந்தயத்திற் பேர்பெற்ற செல்வ மங்கை டாரதி பேஜெட் பொருளுதவி செய்ய, வெல்வின் நகரில் தமக்கென ஒரு பட்டறை அமைத்தார். ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்னும் பொறியியல் வல்லுநர் துருத்தியை அமைத்துக் கொடுத்தார். லெமான் பந்தய விதிப்படி, அவ்வகை வண்டிகள் 50 விற்பனைக்கெனச் செய்யப்பட்டிருத்தல் வேண்டும். அப்போது தொழிற்சாலையின் தலைமை பார்னாட்டோ என்பவர் கையில் இருந்தது. அவர் இசைந்தமையால், பென்ட்லியின் விருப்பத்திற்கு மாறாகவே அவரது தொழிற்சாலையிலேயே அவ்வைம்பது வண்டிகளும் செய்யப்பட்டன. பந்தய வண்டிகளையும் சேர்த்து மொத்தம் 55 ஆயின.

அத்துருத்தி ‘ரூட்ஸ்’ வகையைச் சேர்ந்தது. எட்டு என்னும் இலக்கத்தின் வடிவை ஒத்த இரண்டு சுழலிகள் ஒரு கூட்டினுள் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுழன்று காற்றை வாரி முன்னே தள்ளும். அமெரிக்காவில் ரூட்ஸ் எனும் சகோதரர் இருவர் 1860-இல் உரிமை பெற்ற இக்கருவி, பின்னர் உலைகளுக்குக் காற்றூதவும் பயன்பட்டது. ஆகவே நாம் முன்னர்க் கூறிய கொல்லன் துருத்தி வெறும் உவமையன்று. உறவு முறையும் உடையதே. எஞ்சினின் முதன்மைத் தண்டாகிய கிராங்க் தண்டின் முன்முனையோடு துருத்தி இணைக்கப்பட்டு, ரேடியேட்டருக்கும் முன்னே வெளியில் துருத்திக்கொண்டு நின்றது. இதன் பயனாக, சாலை வண்டி 175 குதிரைச் சக்தியையும், பந்தய வண்டி 240 குதிரைச் சக்தியையும் தந்தன. அதாவது சிலிண்டரின் அளவு சிறிதும் மாறாமலே பந்தய எஞ்சினின் ஆற்றல் நூற்றுக்கு 85 பங்கு உயர்ந்துவிட்டது!

இவ்வூதியம் விலையின்றிக் கிடைத்ததோ? அன்று. அவ்விலையை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது வெப்பம். காற்றை நெருக்கினால் அது சூடேறும். மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடிக்கும் பம்பைத் தொட்டவர் இதனை அறிவர். 25 பாகை வெப்பமுள்ள காற்றை அதன் அமுக்கம் இருமடங்காகும்படி நெருக்கினால், குறைகளேதும் அற்ற கருவியிலுங்கூட அதன் வெப்பம் ஏறக்குறைய 90 பாகை ஆகும். சூடான கலவை, மின்பொறியின் சுடர் தன்னை வந்து எட்டுமுன்னரே, தானே வெடித்து எரிய முற்படும். இதனை எஞ்சின் ‘தட்டுதல்’ என்பர். சீராகத் தள்ளவேண்டிய வாயு சம்மட்டியடிபோல் பிஸ்டனின் தலையை மோதும். நீடித்தால் பிஸ்டன் உருகித் துளைபடுதலும் உண்டு.

இரண்டாவது, எரிந்த பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. எஞ்சியது புகையோடும் நீரோடும் கழிய வேண்டும். ஆற்றல் பெருகினால் இக்கழிவு வெப்பமும் பெருகும். வால்வுகளும், எண்ணெயும், ரேடியேட்டரும் அதனைத் தாங்கியாக வேண்டும்.

மூன்றாவது விரைவு. எஞ்சின் நிமிஷத்திற்கு 3,500 முறை சுழலும்போது ஒவ்வொரு பிஸ்டனும் நிமிஷத்திற்கு 7,000 முறை நின்று திரும்புகிறது. சுழற்சி 4,200 ஆனால், விரைவு ஐந்தில் ஒரு பங்கே கூடியதாயினும், பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் விசை அவ்விரைவின் வர்க்கமாகப் பெருகி நூற்றுக்கு 44 பங்கு கூடும். இப்பளுவை ஏற்பது பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கம்பியே.

நான்காவது, துருத்தியின் எடை. வண்டியின் மூக்கிலே அது அமைந்தமையால், வளைவுகளில் முன்பக்கம் திரும்ப மறுத்து வெளியே இழுத்தது. பர்க்கின் இவற்றை அறியாதவரல்லர். கிராங்க் தண்டும், பிஸ்டன்களும், எண்ணெய் செல்லும் முறையும் துருத்தி எஞ்சினுக்கெனத் தனியே அமைக்கப்பட்டன. இத்தனை மாற்றம் வேண்டியிருந்தது என்பதே நாம் கூறுவதற்குச் சான்று: துருத்தியை மட்டும் பூட்டுதல் என்பது ஒருபோதும் இல்லை.

1930-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லெமான் பந்தயத்தில் இரு வழிகளும் நேர்நேர் நின்றன. ஜெர்மானியர் ஒரே ஒரு மெர்ஸிடிஸ் வண்டியோடு வந்தனர். ஏழு லிட்டர் எஞ்சினும், மிதியை முற்றும் அழுத்தியபோது மட்டும் இயங்கும் துருத்தியும் உடையது அது. ஓட்டியவர் காரச்சியோலா என்னும் பெருவீரர். பந்தயத்தின் தொடக்கத்திலேயே பர்க்கின், டயரின் மேற்பட்டை பிய்ந்து பறக்கவும், ஒருபக்கச் சக்கரங்கள் புல்லின்மேல் ஓடவும், அஞ்சாமல் மெர்ஸிடிஸைக் கடந்து முன்னேறினார். கண்டோர் வியந்தனர். ஆனால் டயரை மாற்ற விரைவில் நிற்க வேண்டியதாயிற்று. இரவிலே மெர்ஸிடிஸ் பழுதுற்று விலகியது. பர்க்கினுடைய கூட்டத்துத் துருத்தி வண்டிகள் இரண்டும் எஞ்சின் பழுதுற்று, இருபத்துநான்கு மணியும் நிறைவதற்குமுன் ஓய்ந்தன. முதலிலும் இரண்டாவதாகவும் வந்தவை துருத்தியில்லாத ஸ்பீட் சிக்ஸ் வண்டிகள். 240 குதிரைச் சக்தி தோற்றது. 200 குதிரைச் சக்தி வென்றது.

ஆயினும் ஒருதலையாகத் தீர்ப்புக் கூறுதல் முறையன்று. அதே ஆண்டு செப்டம்பரில், போ நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில், இலேசான பந்தய வண்டிகளின் நடுவே தமது பெரிய துருத்தி வண்டியை ஓட்டிப் பர்க்கின் இரண்டாவதாக வந்தார். 1932-இல் புரூக்லண்ட்ஸ் ஓட்டக்களத்தில், ஒருவர் மட்டும் அமரும்படி அமைத்த துருத்தி பென்ட்லியில் மணிக்கு 137.96 மைல் வேகத்தில் ஒரு சுற்றை முடித்து, அக்களத்தின் விரைவுப் பதிவைத் தமதாக்கினார். சிறிது நேரத்திற்கு மிகுந்த வலிமை வேண்டுமாயின் துருத்தி தக்கதே. இரவும் பகலும் ஓட வேண்டுமாயின் தக்கதன்று என்பதே இதனால் பெறப்படும் முடிவு. எந்த வேலைக்கு என்று கேளாமல், எது சிறந்தது என்று கேட்பது பயனற்றது.

இதன் பின்னிகழ்ச்சிகள் துயரமானவை. பேஜெட் அம்மையார் 1930-ஆம் ஆண்டின் இறுதிக்குள் உதவியை நிறுத்திவிட்டார். உலகெங்கும் வாணிகம் சோர்ந்திருந்த 1931-இல் பென்ட்லி தொழிற்சாலை கடனில் மூழ்கி, ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியார் கைக்கு மாறியது. பர்க்கின் 1933-இல் தம் 36-ஆம் வயதில் காலமானார். ஆயினும் லெமானில் தோற்ற அவ்வண்டியையே உலகம் மறக்கவில்லை. அதனைப்போன்ற 12 வண்டிகளைப் புதிதாகச் செய்யப்போவதாகப் பென்ட்லி கம்பெனியாரே 2019-இல் அறிவித்தனர். அதன் நிறுவனர் வெறுத்த வண்டி அதன் பெயருக்கே அடையாளமாயிற்று!

இக்காலத்து உயர்தர வண்டிகள் பலவற்றில் துருத்தியைத் தொழிற்சாலையாரே பொருத்திவிடுகின்றனர். டர்போ எனப்படும் அது, வெளியேறும் புகையின் விசையாற் சுழல்வது. நெருக்கிய காற்றைக் குளிர்விக்கும் கருவியும் உடன் உண்டு. பெட்ரோலின் அளவு, பொறி எழும் நேரம், துருத்தியின் அமுக்கம் ஆகியவற்றை ஒரு கணிப்பொறி ஆளுகிறது. அதிற் பதிந்துள்ள கட்டளைகளை மாற்றி எழுதினால், ஒரு திருகாணியையும் கழற்றாமலே ஆற்றலைக் கூட்டலாம். பர்க்கினுக்குப் பட்டறையும் பெருஞ்செல்வமும் வேண்டியிருந்த வேலை இன்று சிலமணி நேரத்தில் முடிகிறது. எளிதாயிருத்தலே இதன் அபாயம். தொழிற்சாலையார் எஞ்சினின் முழு வலிமையையும் வெளிப்படுத்தாமல் ஓரளவை எஞ்ச விடுவது அறியாமையால் அன்று. தாழ்ந்த பெட்ரோல், கோடை வெயில், மலையேற்றம், ஆண்டுகளால் வரும் தேய்வு ஆகியவற்றிற்கென ஒதுக்கிய சேமிப்பு அது. அதனை எடுத்துச் செலவிடுவோர், செலவிடுகின்றோம் என்றறிந்தாவது செய்தல் வேண்டும்.

ஆகவே ஆற்றலைக் கூட்ட விரும்புவோர் முதலில் சில கேள்விகளைத் தம்மையே கேட்டுக்கொள்க. தடைகளும் டயர்களும் புதிய வேகத்தைத் தாங்குமோ? வேகம் இருமடங்கானால் வண்டியை நிறுத்தத் தடை விழுங்கவேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும் அன்றோ? கியர்ப்பெட்டி புதிய முறுக்கு விசைக்கு ஏற்றதோ? புகையைத் தூய்மை செய்யும் கருவி கெடாதோ? நாட்டின் சட்டம் இடங்கொடுக்குமோ? பழுதுற்றால் விற்றவர் பொறுப்பேற்பரோ? இவற்றிற்கெல்லாம் விடை கண்ட பின்னரே கையை நீட்டுதல் அறிவுடைமை.

ஏற்றுவது மயிலிறகே ஆயினும் அளவு மிகுந்தால் வண்டியின் அச்சு முறியும் என்று நம் முன்னோர் கண்டனர். அவர்கள் கூறியது வண்டியின்மேல் ஏற்றும் பாரத்தை; நாம் கண்டது வண்டிக்குள் ஏற்றும் வலிமையை. இரண்டிற்கும் அளவு ஒன்றே: எவ்வளவு ஏற்றலாம் என்பதைத் தீர்மானிப்பது ஏற்றுபவரின் ஆசையன்று, தாங்கும் உறுப்புகளுள் மிக மெலிந்ததே ஆகும்.